மூச்சு முட்டிய சிப்பாய்களும் சுருங்கும் ரத்தக்குழாயும்

ஆவடின்னு சொன்னாலே டாங்கிதான் ஞாபகத்துக்கு வரும். 1965-ல் விஜயந்தா, அப்புறம் அஜேயா, அப்புறம் பீஷ்மான்னு எங்க ஊர் கனரக வாகனத் தொழிற்சாலையில இருந்து போனது எத்தனையோ. 2020-ல் லடாக் எல்லையில பதற்றம் வந்தப்போ அதுல சிலது அங்கேயும் போய் நின்னுச்சு. அந்த உயரத்துல காத்து மெலிசு. எஞ்சினுக்கே இழுவை குறையும். சரி, இரும்புக்கே இந்தக் கதின்னா உள்ளே உட்கார்ந்திருக்கிற மனுஷனோட நுரையீரல் என்ன பாடுபடும்? இதைத் தேடிப் போய்த்தான் 1962-க்கு வந்து சேர்ந்தேன்.

1962 அக்டோபர் 20. சீனப் படை லடாக்கிலும் வடகிழக்கிலும் ஒரே நேரத்துல தாக்குது. சமவெளியில இருந்த நம்ம சிப்பாய்களை அவசர அவசரமா மலைக்கு ஏத்துறாங்க. பலரை விமானத்திலேயே கொண்டுபோய் இறக்குறாங்க. உடம்பு பழக அவகாசமே இல்லை. ரெண்டு மூணு நாள்ல சிலருக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்குது, இருமல் வருது, உதடு நீலம் பாரிக்குது, நெஞ்சுல களகளன்னு சத்தம், இளஞ்சிவப்பு நுரையா சளி. நேத்து வரைக்கும் மூட்டை தூக்கி ஓடின இருபத்தஞ்சு வயசுப் பையன் இன்னைக்குப் படுக்கையில. சிலர் பிழைக்கலை.

இது நிமோனியாவா, இதயம் பழுதான்னு அதுவரைக்கும் உலகத்துல பல டாக்டர்கள் குழம்பினது உண்டு. பெரு நாட்டு மருத்துவர்கள் ஆண்டீஸ் மலையில இதைப் பார்த்து ஸ்பானிஷ்ல எழுதியிருந்தாங்க. ஆங்கில மருத்துவ உலகம் கண்ணைத் திறந்தது, 1960-ல் சார்லஸ் ஹூஸ்டன் என்கிற அமெரிக்க மருத்துவர் எழுதின பிறகுதான். இது தனி நோய், மலை உயரத்தால் நுரையீரலில் நீர் கோக்குதுன்னார். அவர் கையில இருந்தது ஒரு சில நோயாளிகள். நம்ம ராணுவ டாக்டர்கள் கையில வந்து விழுந்தது ஏராளம்.

இந்தர் சிங் என்கிற ராணுவ மருத்துவர் தலைமையில ஒரு குழு இதை எழுதி வெச்சுது. 1965-ல் லான்செட் இதழ்ல நுரையீரல் நீர்க்கோவை பற்றி ஒரு கட்டுரை, 1969-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல மலை நோய் பற்றி இன்னொன்று. ரெண்டாவது கட்டுரையில 1,925 சிப்பாய்கள்! இந்தத் துறையில இன்னைக்கும் மேற்கோள் காட்டப்படுற கட்டுரை அது. யுத்தத்துல நாம தோத்ததைத்தான் பள்ளிக்கூடத்துல படிச்சோம், இதை யாரும் சொல்லித்தரலை.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். உடம்புல கால், கை, மூளைன்னு எங்கே ஆக்சிஜன் குறைஞ்சாலும் அங்கே இருக்கிற ரத்தக்குழாய் விரியும். நிறைய ரத்தம் வரட்டும்னு வழிவிடும். நுரையீரல் மட்டும் நேர்மாறு. காற்றறையில ஆக்சிஜன் குறைஞ்சா பக்கத்துல இருக்கிற சின்ன தமனி சுருங்கிக்கும். 1946-ல் ஸ்டாக்ஹோம்ல வான் ஆய்லர், லில்யஸ்ட்ராண்ட் ரெண்டு பேரும் பூனைகளுக்கு ஆக்சிஜன் குறைஞ்ச காத்தைக் கொடுத்துப் பார்த்தாங்க. நுரையீரல் தமனியில அழுத்தம் ஏறுச்சு.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? அம்பத்தூர் தொழிற்பேட்டையை நினைச்சுக்குங்க. ஒரு பட்டறையில கரன்ட் இல்லைன்னா அங்கே லாரியில சரக்கு அனுப்பி என்ன புண்ணியம்? கேட்டைச் சாத்திட்டு, மெஷின் ஓடுற பட்டறைக்குத் திருப்பி விடணும். நுரையீரல் செய்யறதும் இதையேதான். சளி அடைச்ச மூலைக்கு ரத்தம் போகாம, காத்தோட்டம் உள்ள இடத்துக்குப் போகும். தமனிச் சுவர்த் தசையில பொட்டாசியம் போற வாசல் அடைபடுது, கால்சியம் உள்ளே புகுது, தசை இறுகுது. எல்லாம் சில நொடிகள்ல. தாய் வயித்துல இருக்கிற குழந்தைக்கும் இந்த ஏற்பாடு உதவுது. மூச்சே விடாத நுரையீரலுக்குள்ள அதிக ரத்தம் போகாது. பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் குழாய்கள் திறக்கும்.

மலை மேல என்ன ஆகுதுன்னா, ஒரு பட்டறை இல்லை, மொத்தத் தொழிற்பேட்டைக்கும் லோ வோல்டேஜ். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம். மூச்சுல கிடைக்கிற ஆக்சிஜன் கடல் மட்டத்துல கிடைக்கிறதுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்குதான். எல்லா கேட்டும் ஒரே நேரத்துல சாத்த ஆரம்பிக்குது. அதுவும் ஒரே மாதிரி சாத்துறதில்லை. சரியா சாத்தாத இடத்துல லாரி எல்லாம் முட்டி மோதி நுழையுது. அங்கே நுண்குழாய்கள் அழுத்தம் தாங்காம கசியுது. காற்றறையில நீர். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடே காலை வாரிவிடுது.

இதயத்துல குத்தம் இல்லைன்னு எப்படித் தெரியும்? டெல்லி எய்ம்ஸ்ல இருந்த சுஜாய் ராய் குழுவினர் நோய் வந்த சிப்பாய்களுக்கு இதயத்துக்குள்ள மெல்லிய குழாய் விட்டு அழுத்தத்தை அளந்து 1969-ல் வெளியிட்டாங்க. நுரையீரல் தமனியில அழுத்தம் எகிறியிருந்தது, இடப்பக்கம் சாதாரணம். அமெரிக்காவின் ஹல்ட்கிரென் பெருவில் பார்த்ததும் அதேதான். அந்தக் காலத்துல நீர் பிரியற மருந்தான ஃபியூரோசமைடை இதுக்கு நம்பிக் கொடுத்தாங்க. பிற்பாடு அது கைவிடப்பட்டது. உடம்புல நீர் அதிகமாகி வர்ற நோய் இல்லையே! கீழே இறக்கு, ஆக்சிஜன் கொடு. இதுதான் முதல் சிகிச்சை. ரத்தக்குழாயைத் தளர்த்துற நிஃபெடிபின் 1989-க்கு அப்புறம் சேர்ந்துச்சு.

இந்தர் சிங் குழு கவனிச்ச இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. புதுசா மலையேறினவங்களுக்கு மட்டும் இல்லை, மலையிலேயே பழகி, லீவுல ஊருக்கு வந்துட்டுத் திரும்பிப் போனவங்களுக்கும் இது வந்தது. பழக்கம் சமவெளியில சில வாரத்துல கரைஞ்சுடும். ஆவடி, பட்டாபிராம் பக்கம் தெருவுக்கு ரெண்டு ராணுவக் குடும்பம் இருக்கும். பொங்கலுக்கு வந்துட்டு டிரங்குப் பெட்டியோட கிளம்புற பையனுக்கு, 'உனக்கு அந்த ஊரு பழக்கம்தானேப்பா'ன்னு நாம தைரியம் சொல்லி அனுப்புவோம். நுரையீரலுக்கு அது தெரியாது.

இந்தப் பாடத்துல இருந்து பிறந்ததுதான் ராணுவத்தின் படிப்படியான பழக்கம்: 2,700 மீட்டர்ல இருந்து 3,600 வரை ஆறு நாள், 4,500 வரை நாலு நாள், அதுக்கு மேல இன்னொரு நாலு நாள். முதல் ரெண்டு நாள் சும்மா இருக்கணும். எங்க தெருவுல ரிட்டயர்டு சுபேதார் ஒருத்தர் சொல்வார், "சர்வீஸ்லயே எங்களைத் தூங்கச் சொல்லி ஆர்டர் போட்டது அங்கே மட்டும்தான் தம்பி." 1984 ஏப்ரல்ல சியாச்சின் போனதுக்கு அப்புறம் இந்த ஒழுங்கு உயிர்நாடி ஆயிடுச்சு. அங்கே குண்டைவிட குளிரும் உயரமும் பனிச்சரிவும் பலி வாங்கினதுதான் அதிகம்.

இப்ப இது சிப்பாய்களோட பிரச்சனை மட்டும் இல்லை. காலையில மீனம்பாக்கத்துல ஃபிளைட் ஏறி, டெல்லியில மாறி லேவில இறங்குறவங்க நம்ம ஆளுங்கதான். இறங்கின அன்னைக்கே கர்துங் லா போய் போட்டோ எடுக்கணும்னு துடிப்பாங்க. 1962-ல் சமவெளிப் பையன்களை அவசரமா ஏத்தினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அவங்களுக்கு வேற வழி இல்லை, உத்தரவு. நமக்கு நாலு நாள் லீவு, அவ்வளவுதான்.

முதல் ரெண்டு நாள் ரூம்லயே படுங்க. படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குச்சு, இருமல் விடலைன்னா, 'விடிஞ்சதும் பார்த்துக்கலாம்'னு இருக்காதீங்க. ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய் ஆக்சிஜன் வெச்சுக்குங்க, இறங்க முடிஞ்சா இறங்கிடுங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் உடம்பால எழுதின பாடம் இது.