பேச்சில் கிடைத்த பூர்வீகம்

அமெரிக்காவின் தெற்குப் பகுதியில், அதாவது வர்ஜீனியாவிலிருந்து டெக்ஸாஸ் வரையில் பரந்து கிடக்கும் பழைய பருத்தி, புகையிலை, நெல் பிரதேசங்களில், கிராமத்துக்குப் புதிதாக வந்தவனிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. என்ன உத்தியோகம் என்பதல்ல. என்ன சம்பளம் என்பதும் அல்ல. "உங்கள் ஜனங்கள் யார்?" என்பதுதான். ரயிலில் எதிர் ஆசனத்தில் உட்கார்ந்த கையோடு "பூர்வீகம் எந்த ஊர்?" என்று ஆரம்பிக்கிற நமக்கு அது விசித்திரமாகப் படாது.

வெள்ளைக்காரக் குடியானவன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அதிகமாகச் சிரமப்படுவதில்லை. வீட்டில் பெரிய பைபிள் ஒன்று இருக்கும். அதன் நடுவில் விட்டிருக்கும் வெற்றுத் தாள்களில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டிருக்கும். மாதாகோயில் பக்கத்தில் கல்லறைகள் இருக்கும். ஜில்லாக் கச்சேரியில் நிலப் பத்திரங்கள் இருக்கும். 1861-லிருந்து 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் பல கச்சேரிகள் தஸ்தாவேஜுகளோடு எரிந்து போயின. வர்ஜீனியாவில் வம்சாவளி தேடுகிறவர்கள் அவற்றை 'எரிந்த ஜில்லாக்கள்' என்றே குறிப்பிடுகிறார்கள். எரிந்தது போக மிஞ்சியதைக் கொண்டே, பதினெட்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் வட கோடியான அல்ஸ்டரிலிருந்து புறப்பட்டு, பிலடெல்பியாவில் இறங்கி, வண்டித் தடம் பிடித்துத் தெற்கே வந்த முப்பாட்டன் வரையில் போய்விடுகிறவர்கள் உண்டு.

அந்த முப்பாட்டன் கொண்டுவந்த சாமான்கள் போன இடம் தெரியவில்லை. பேச்சு மட்டும் இருக்கிறது. 'முடியலாம்' என்ற பொருளில் இரண்டு துணை வினைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 'மைட் குட்' என்று தெற்கத்தியர் சொல்வார்கள். இலக்கண வாத்தியார்கள் இதற்காக எத்தனையோ பிள்ளைகளைக் கண்டித்திருக்கிறார்கள். ஆனால் ஸ்காட்லாந்திலும் அல்ஸ்டரிலும் இந்த அடுக்கு உண்டு. வாத்தியார் தப்பு என்று அடித்த கோடு, பாட்டன் வந்த வழியின் மேல் அடித்த கோடு. (மலைப் பிரதேசத்தார் பேசுவது ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலீஷ் அப்படியே என்று ஒரு பெருமைப் பேச்சு உண்டு. அது கட்டுக்கதை. எந்தப் பேச்சும் முந்நூறு வருஷம் ஊறுகாய் ஜாடியில் உட்கார்ந்திருப்பதில்லை.)

'யால்' என்ற சொல்லைப் பாருங்கள். தெற்கத்தியரைப் பரிகசிக்க நினைக்கும் சினிமாக்காரர்கள் முதலில் எடுத்துக்கொள்வது அதைத்தான். இங்கிலீஷில் ஒரு காலத்தில் ஒருமைக்கு 'தௌ', பன்மைக்கு 'யூ' என்று இரண்டு இருந்தன. நம்முடைய 'நீங்கள்' மாதிரியே 'யூ' மரியாதைச் சொல்லாகவும் ஆயிற்று. பிறகு எல்லாருக்கும் மரியாதை கொடுக்கப் போய், 'நீ' என்பதே வழக்கொழிந்து போயிற்று. ஒருவரோ ஒன்பது பேரோ, எல்லாரும் 'யூ'. இந்த ஓட்டையை அடைத்தவர்கள் படித்தவர்கள் அல்ல, தெற்கத்திக் குடியானவர்கள். 'யூ'வோடு 'எல்லாரும்' என்பதைச் சேர்த்து ஒரு பன்மையை உண்டாக்கிக்கொண்டார்கள். தமிழ் பேசுகிற நாம் இதைப் பார்த்துச் சிரிக்க நியாயம் இல்லை.

ஆனால் தெற்கத்திப் பேச்சின் இனிமையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கசப்பையும் சொல்லத்தான் வேண்டும். அங்கேயும் உறவு சொல்லி அழைக்கிற வழக்கம் உண்டு. வெள்ளைக்காரர்கள் வயதான கறுப்பு மனிதரை 'மாமா' என்றும், கிழவியை 'அத்தை' என்றும் அழைத்தார்கள். கேட்க எவ்வளவு அன்பாக இருக்கிறது! அந்த அன்பின் காரணம் வேறு. 'மிஸ்டர்', 'மிஸஸ்' என்ற மரியாதையைக் கறுப்பருக்குக் கொடுக்காமல் இருக்க அது ஒரு வழி. உறவுச் சொல்லே மரியாதையைப் பறிக்கும் கருவியாகிவிட்டது.

அந்தக் 'மாமா'வையும் 'அத்தை'யையும் போய் "உங்கள் ஜனங்கள் யார்?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று தேடும்போது, 1870-ம் வருஷம் ஒரு சுவர் போல எதிரே நிற்கிறது. அடிமைத்தனம் ஒழிந்த பிறகு எடுத்த முதல் ஜனத்தொகைக் கணக்கு அது. கறுப்பு ஜனங்கள் அனைவரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் கணக்கும் அதுதான். அதற்கு முன் 1850-லும் 1860-லும் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை போட்டார்கள். அதில் எஜமானனின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ன என்று வரிசையாக இருக்கும். அடிமையின் பெயர் அநேகமாக இருக்காது. அந்த வரிசையில் எது தன் பாட்டி என்று ஒரு பேத்தி எப்படிக் கண்டுபிடிப்பாள்?

விடுதலையானவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று தங்கள் ஜனங்களைத் தேடியது. விற்கப்பட்டுப் போன தாய், ஏலத்தில் பிரிந்த தம்பி, எந்த ராஜ்யத்துக்குப் போனாள் என்றே தெரியாத மனைவி. நியூ ஆர்லியன்ஸில் வெளியான ஒரு கிறிஸ்தவப் பத்திரிகை, 1870-களின் கடைசியிலிருந்து 'காணாமற்போன சிநேகிதர்கள்' என்று ஒரு பகுதியே நடத்தியது. பாதிரிமார்கள் அதைப் பிரசங்க மேடையிலிருந்து படித்துக் காட்ட வேண்டும் என்று வேண்டுகோளும் போட்டிருந்தது. கதை எழுதுகிறவன் அந்த விளம்பரங்களைப் படித்தால் கொஞ்ச நாளைக்குப் பேனாவைத் தொடமாட்டான். முப்பது நாற்பது வருஷத்துப் பிரிவு ஏழெட்டு வரிகளில் அடங்கியிருக்கும். இன்னாருக்குச் சொந்தமாயிருந்தேன், இன்னாருக்கு விற்கப்பட்டேன், அம்மாவின் பெயர் இது, அவ்வளவுதான்.

காகிதத்தில் இல்லாதது வாயில் இருக்கலாம் என்று பிறகு சிலருக்குத் தோன்றியது. 1936-லிருந்து 1938 வரை, சர்க்கார் செலவில், பழைய அடிமைகள் இரண்டாயிரத்து முந்நூறு பேருக்கு மேல் சொன்ன கதைகளை எழுதி வைத்தார்கள். கேட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். பேச்சைக் காகிதத்தில் காட்டுகிறேன் என்று எழுத்துக்களை அவர்கள் படுத்திய பாடு சொல்லி முடியாது. எல்லாரும் ஒரே விதமாய் உச்சரிக்கிற சொல்லைக்கூட, பேசியவர் கறுப்பர் என்பதற்காகக் கோணலாக எழுதினார்கள். ஸ்டெர்லிங் பிரவுன் என்ற கறுப்புக் கவிஞர் அந்த அலுவலகத்தில் இருந்தார். உச்சரிப்பைக் காட்ட அவ்வளவு மெனக்கெட வேண்டாம், சொல்லும் முறையில் உண்மை இருந்தால் போதும் என்று அவர் ஒரு குறிப்பு அனுப்பினார். வட்டாரப் பேச்சை வைத்துக் கதை எழுதும் யாரும் மேஜைமேல் ஒட்டிக்கொள்ள வேண்டிய குறிப்பு அது.

அதற்குச் சில வருஷங்கள் முன்பே ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்ற நாவலாசிரியை ஒரு கிழவரைத் தேடி அலபாமாவுக்குப் போனாள். அவர் பெயர் கஜோ லூயிஸ். சொந்தப் பெயர் கொஸூலா. 1808-லேயே அடிமை இறக்குமதியைச் சட்டம் தடுத்துவிட்டது. இருந்தும் 1860-ல் 'க்ளோடில்டா' என்ற கப்பல் நூற்றுச் சொச்சம் ஆப்பிரிக்கர்களைத் திருட்டுத்தனமாக மோபைல் துறைமுகத்தருகே கொண்டுவந்து இறக்கிற்று. சாட்சி இருக்கக் கூடாதென்று கப்பலைக் கொளுத்தினார்கள். கொஸூலா அதில் வந்தவர். ஹர்ஸ்டன் பீச் பழமும் தர்பூஜும் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் பேச விரும்பாத நாட்களில் சும்மா உட்கார்ந்திருந்து, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினாள். முதல் நாள் அவரைக் கொஸூலா என்று அழைத்தபோது கிழவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். கடலுக்கு அப்பால் வைத்த பெயரைச் சொல்லி அழைக்க ஆள் இல்லாமல் இருந்தவர் அல்லவா?

1931-ல் புத்தகம் தயாராயிற்று. ஒரு பிரசுராலயம், இந்தப் பேச்சு நடையை மாற்றி நல்ல இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றது. ஹர்ஸ்டன் மாற்றவில்லை. கொஸூலா 1935-ல் இறந்தார். ஹர்ஸ்டன் 1960-ல் ஏழைகள் விடுதியில் இறந்தாள். பல வருஷம் கல்லறையில் கல்கூட இல்லை. அந்தப் புத்தகம் அச்சானது 2018-ல். அடுத்த வருஷம், 2019-ல், ஆற்றுச் சேற்றில் கிடந்த சிதைவு க்ளோடில்டாவே என்று உறுதி செய்தார்கள். நல்ல இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்திருந்தால் அவள் பிழைக்கத் தெரிந்தவள் ஆகியிருப்பாள். கொஸூலாவின் குரல் போயிருக்கும்.

வாய்மொழி எல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அலெக்ஸ் ஹேலியின் 'வேர்கள்' 1976-ல் வெளிவந்தபோது அமெரிக்காவே படித்து அழுதது. டென்னஸீயில் பாட்டியும் அத்தைமார்களும் திண்ணையில் பேசிய சில ஆப்பிரிக்கச் சொற்களைப் பிடித்துக்கொண்டு அவர் காம்பியா வரையில் போனார். பிற்பாடு பத்திரங்களைப் புரட்டிய வம்சாவளி நிபுணர்கள், அவர் சொன்ன கப்பல் 1767-ல் வந்து சேருமுன்பே அவருடைய மூதாதை என்று சொல்லப்பட்ட அடிமை வர்ஜீனியாவில் இருந்ததைக் காட்டினார்கள். நாவல் என்ற அளவில் எனக்கு அதன்மேல் பிரியம் குறையவில்லை. சரித்திரம் என்ற அளவில் குறைந்துவிட்டது.

ஆகையால் லொரன்ஸோ டர்னரிடம் வருகிறேன். இவர் கதைக்காரர் அல்ல. பாஷை ஆராய்ச்சிக்காரர், கறுப்பர். ஜார்ஜியா, தென் கரோலினா கடற்கரைத் தீவுகளில் 'குல்லா' என்று ஒரு பேச்சு உண்டு. அது சதுப்பு நிலம், மலேரியாப் பிரதேசம். நெல் சாகுபடி தெரிந்தவர்கள் வேண்டுமென்று மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரைகளிலிருந்து ஆட்களைப் பிடித்துவந்து அங்கே விட்டார்கள். உரல், உலக்கை, முறம், எல்லாம் அவர்களுடன் வந்த வித்தைதான். எஜமானர்கள் காய்ச்சலுக்குப் பயந்து வருஷத்தில் பாதி அங்கே இருப்பதில்லை. அதனால் பேச்சு தப்பியது. இதைத் தடித்த உதடும் தட்டை மூக்கும் கெடுத்த இங்கிலீஷ் என்று வெள்ளைப் பெரிய மனிதர் ஒருவர் 1922-ல் புத்தகத்திலேயே எழுதினார்.

டர்னர் 1929-ல் தென் கரோலினாவில் பாடம் சொல்லப் போன இடத்தில் குல்லா மாணவர்கள் பேசுவதைக் கேட்டார். பிறகு இருபது வருஷம் வேறு வேலை இல்லை அவருக்கு. ஆப்பிரிக்க பாஷைகளைக் கற்றுக்கொள்ள லண்டனுக்குப் போனார். குல்லாக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு இங்கிலீஷ் பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர் என்று இரண்டு உண்டு. வெள்ளை ஆராய்ச்சியாளருக்கு முதல் பெயரைத்தான் சொல்வார்கள். டர்னருக்கு இரண்டாவதைச் சொன்னார்கள். அர்த்தமில்லாத உளறல் என்று வாத்தியார்கள் எண்ணிய அந்தப் பெயர்கள் மெண்டே, யொருபா, கொங்கோ என்று மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் வந்தவை. பெயர்களோடு சேர்த்து நாலாயிரம் ஆப்பிரிக்கச் சொற்கள்! 1949-ல் அவர் புத்தகம் வந்தது. நம் வெண்டைக்காய்க்கு இங்கிலீஷில் சொல்கிற 'ஓக்ரா' கூட மேற்கு ஆப்பிரிக்கச் சொல்தான்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பாட்டு இருந்தது. 1930-களின் தொடக்கத்தில், ஜார்ஜியாவில் ஹாரிஸ் நெக் என்ற கடற்கரைக் கிராமத்தில், அமீலியா டாலி என்ற பெண் பாடிப் பதிவு செய்தது. ஐந்து வரி. அவளுக்கு அர்த்தம் தெரியாது. ஸியரா லியோனிலிருந்து படிக்க வந்திருந்த ஒரு மாணவர் கேட்டுவிட்டு, இது எங்கள் மெண்டே பாஷை என்றார்.

நாற்பது வருஷம் கழித்து ஜோசப் ஓப்பாலா என்ற மானிடவியலாளரும், சிந்தியா ஷ்மிட் என்ற இசை ஆராய்ச்சியாளரும், தாஸியெஃப் கொரோமா என்ற மெண்டே மொழியறிஞரும் அந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு ஸியரா லியோன் கிராமங்களில் அலைந்தார்கள். பாட்டில் ஒரு சொல், தெற்கு வட்டாரத்தில் மட்டும் வழங்குவது என்று கொரோமா கண்டுகொண்டார். பண்டிதர்கள் கொச்சை என்று ஒதுக்குகிற மாதிரியான அந்த வட்டாரச் சொல்தான் வழி காட்டிற்று. 1990-ல் ஸெனெஹுன் இங்கோலா என்ற கிராமத்தில் பைந்து ஜபாத்தி என்ற பெண் அதே பாட்டைப் பாடினாள். அவளுடைய பாட்டி சொல்லிக்கொடுத்தது. இறந்தவர்களைப் பெண்கள் வழியனுப்பும் சடங்கில் பாடுகிற பாட்டு; நம் ஊர் ஒப்பாரிக்குச் சொந்தக்காரி. காணாமற்போன நம் ஜனங்கள் என்றாவது வந்தால் இந்தப் பாட்டை வைத்துக் கண்டுகொள்ளலாம் என்றும் பாட்டி சொல்லியிருந்தாளாம்.

அமீலியா அதற்குள் காலமாகியிருந்தாள். ஆனால் அவள் மகள் மேரி மோரன் இருந்தாள். சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்த பாட்டு அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஸியரா லியோனில் உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டதால் அவள் பிரயாணம் தள்ளிப் போயிற்று. 1997-ல், சண்டை சற்று ஓய்ந்திருந்த இடைவெளியில், குடும்பத்தோடு போனாள். கலகக்காரர்கள் அந்தக் கிராமத்தை ஏற்கெனவே எரித்திருந்தார்கள். எரிந்த ஊரில் மிஞ்சியவர்கள் கூடி, வழக்கொழிந்து போயிருந்த அந்தச் சடங்கை அவளுக்காக நடத்தினார்கள். பைந்துவும் மேரியும் சேர்ந்து பாடினார்கள். நடுவில் ஒரு சமுத்திரமும் இருநூறு வருஷமும் இருந்தும், சில சொற்கள்தான் மாறியிருந்தன.

ஹாரிஸ் நெக் கிராமத்தின் கதை வேறு. 1942-ல் ராணுவ விமான நிலையத்துக்காகச் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. சில வாரக் கெடு கொடுத்து ஜனங்களை வெளியேற்றி, வீடுகளை இடித்துவிட்டார்கள். யுத்தம் முடிந்தும் நிலம் திரும்பி வரவில்லை. 1962-ல் அதைப் பட்சிகள் சரணாலயம் ஆக்கினார்கள். அங்கே இப்போது நாரைகள் கூடு கட்டுகின்றன. அமீலியா டாலியின் குரல் இந்தியானா சர்வகலாசாலையில், டர்னர் பதிவு செய்த தட்டுகளில் இருக்கிறது.