பேட்டரி புதுசு, ஆனா காலையில் கார் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்குதா? காரணம் இதுவாக இருக்கலாம்!

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஹெட்லைட் மங்கவில்லை. ஆனாலும் காலையில் ஏழெட்டு விநாடி இழுத்த பிறகுதான் பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆகிறது. அதன்பின் நாள் முழுக்க எந்தப் பிரச்சினையும் இல்லை. இப்படி இருந்தால் பேட்டரியை விட்டுவிட்டு ஃப்யூயல் பிரஷரைக் கவனிக்க வேண்டும்.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் டேங்குக்குள் இருக்கும் எலக்ட்ரிக் பம்ப்தான் பெட்ரோலை அழுத்தி இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது. எம்.பி.எஃப்.ஐ கார்களில் இந்த அழுத்தம் பெரும்பாலும் 3 முதல் 4 பார். இன்ஜினை ஆஃப் செய்த பிறகும் இது சட்டென்று இறங்கக் கூடாது. பெட்ரோல் திரும்பி ஓடாமல் பிடித்து வைப்பது பம்ப்பில் உள்ள செக் வால்வு. அது தேய்ந்தால் இரவுக்குள் லைனில் அழுத்தம் போய்விடும். காலையில் பம்ப் அதை மறுபடி ஏற்றும் வரை செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்க, செல்ஃப் அடிக்க வேண்டாம். பின்சீட் பக்கம் இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பம்ப் ஓடி நிற்கும் சத்தம். ஆஃப் செய்து, இதையே மூன்று முறை செய்துவிட்டு செல்ஃப் அடியுங்க. உடனே பிடித்துக்கொண்டால், நின்ற வண்டியில் அழுத்தம் இறங்குகிறது என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். சத்தமே இல்லையென்றால் முதலில் ஃப்யூஸ், ரிலே, வயரிங்கைப் பார்க்கணும். பம்ப் அதற்கு அப்புறம்தான்.

ஸ்டார்ட் ஆகும்போது பெட்ரோல் வாடையும் கரும்புகையும் வந்தால் கதை வேறு. இன்ஜெக்டர் ஒழுகி, இரவெல்லாம் சொட்டுச்சொட்டாக இன்ஜினை நனைத்திருக்கலாம். பல கார்களில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தபடி செல்ஃப் அடித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். அப்படிச் செய்து ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் வலுக்கிறது. இந்த நிலையில் பம்ப்பை மாற்றினால் ஆயிரக்கணக்கில் காசுதான் போகும், வண்டி பழையபடியே இருக்கும்.

அதனால் 'பம்ப் போச்சு' என்று மெக்கானிக் சொன்னால், பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தாரா என்று தயங்காமல் கேளுங்க. ரப்பர் ஹோஸ் உள்ள வண்டி என்றால் பம்ப் நின்றவுடன் சப்ளை ஹோஸை கிளாம்ப் போட்டு அடைப்பார்கள். கேஜ் முள் அப்படியே நின்றால் கோளாறு டேங்க் பக்கம். அப்போதும் இறங்கினால் இன்ஜெக்டர் பக்கம். டேங்குக்குத் திரும்பும் லைன் இருந்தால் ரெகுலேட்டரையும் சோதிக்கணும்.

நீண்ட தூரம் ஓட்டி, டீ குடிக்க 20 நிமிஷம் நிறுத்திய பிறகு மட்டும் அடம்பிடித்தாலும் இதே சந்தேகம்தான். அழுத்தம் இல்லாத பெட்ரோல் இன்ஜின் சூட்டில் சீக்கிரம் ஆவியாகிவிடும்.

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 வந்த பிறகு பெரும்பாலான பைக்குகளும் இன்ஜெக்‌ஷன்தான். சாவி சோதனை அவற்றுக்கும் பொருந்தும்.

பெட்ரோல் பைப்பை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம். சூடான இன்ஜின் மேல் பீய்ச்சியடித்தால் தீப்பிடிக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார்களில் இன்ஜின் பக்க அழுத்தம் 100 பாரையும் தாண்டும்.