சொல்லெல்லைப் பிறழ்ச்சி: ஆங்கிலச் சொற்கள் சிலவற்றில் மெய்யிழப்பும் மெய்யேற்றமும்

ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு முன்வரும் ‘அ’, ‘அன்’ என்னும் இரு வடிவங்களும், பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ எனப் பொருள்பட்ட ‘ஆன்’ என்னும் ஒரே சொல்லினின்று பிறந்தவை. மெய்யொலியின் முன் அதன் ஈற்று மெய் தேய்ந்தது; உயிரொலியின் முன் நிலைத்தது. ஒரு, ஓர் என்னும் வழக்கை அறிந்த தமிழர்க்கு இது வியப்பளிக்காது. ஆயின், ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு சில சொற்களின் எல்லையையே குலைத்துள்ளது.

சமையற்கூடத்தில் ஆடைமேல் கட்டும் ‘ஏப்ரன்’, இடைக்கால ஆங்கிலத்தில் ‘நேப்ரன்’ என வழங்கியது. மேசைவிரிப்பைக் குறிக்கும் ‘நாப்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லே இதன் அடி. எழுத்துக்கூட்டல் நிலைபெறாத அக்காலத்தில், ‘அ நேப்ரன்’ என்பதைச் செவிவழிக் கேட்டோர் ‘அன் ஏப்ரன்’ எனப் பிரித்தனர். (தமிழில் எழுதுகையில் ந, ன என வேறுபடினும் ஆங்கிலத்தில் இரண்டும் ஓரெழுத்தே.) அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘நாப்கின்’ தன் முதலெழுத்தைக் காத்துக்கொண்டது. நச்சுப்பாம்பு ஒன்றன் பெயராகிய ‘ஆடர்’ என்பதும் இவ்வாறு முதன்மெய்யை இழந்ததே. ஜெர்மானியத்தில் அது இன்றும் ‘நாட்டர்’.

இவற்றினும் சுவையானது ‘அம்பயர்’. இணையல்லாதவர், அதாவது இரு தரப்பிலும் சேராத மூன்றாமவர் என்னும் பொருளுடைய ‘நொன்பேர்’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இது வந்தது. முதன்மெய் நீங்கியபோது எதிர்மறை முன்னொட்டே சிதைந்தது. நடுவரின் நடுவுநிலையை உணர்த்திய உறுப்பு இன்று எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை.

மறுதலையாக, மெய்யை ஏற்ற சொற்களும் உள. ‘கூடுதற் பெயர்’ எனப் பொருள்பட்ட ‘ஈக்நேம்’, முன்னின்ற ‘அன்’ என்பதன் ஈற்றைக் கவர்ந்து ‘நிக்நேம்’ ஆயிற்று. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் கோமாளி மன்னனை விளிக்கும் ‘நங்கிள்’ என்பதும், ‘மைன் அங்கிள்’ என்பதன் பிழைப்பிரிப்பே.

இவ்வரிசையில் ‘ஆரஞ்சு’ என்பதையும் பலர் சேர்ப்பர். அது பொருந்தாது. திராவிட மூலமுடையதாகப் பலரும் கருதும் ‘நாரங்க’ என்னும் வடமொழிச் சொல், பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவை அடைந்தது. நம் நாரத்தையும் இதனோடு ஒப்பிடப்படுகிறது. அதன் முதன்மெய் இத்தாலியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலேயே நீங்கிவிட்டது. ‘பொன்’ எனப் பொருள்படும் ‘ஓர்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் சாயலும் அதன்மேல் படிந்திருக்கலாம். ஆங்கிலத்துள் புகும்போதே அது உயிர்முதற் சொல்லாக இருந்தமையின், இழப்பின் பொறுப்பு ஆங்கிலத்தைச் சாராது. ஸ்பானியத்திலோ அது இன்றும் ‘நரன்ஹா’.