டிகிரி முடிச்சாச்சா? முதல் பயோடேட்டாவை இப்படி எழுதுங்க!

திருப்பூர்,

கல்லூரி ரிசல்ட் வரத் தொடங்கியதும் ஜெராக்ஸ் கடைகளிலும், பிரவுசிங் சென்டர்களிலும் கூட்டம் அலைமோதும். டிகிரி முடித்த மாணவ-மாணவிகள் மார்க் ஷீட்டை கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, ஒரு பயோடேட்டா அடிச்சுக் குடுங்க" என்பார்கள். கடைக்காரரும் கம்ப்யூட்டரில் ஏற்கனவே கிடக்கும் ஒரு பைலை திறந்து, பெயரையும் மார்க்கையும் மாற்றி பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார். 5 நிமிஷத்தில் வேலை முடிந்தது.

வில்லங்கமும் அங்கேதான் ஆரம்பம். ஒரே பைலில் இருந்து பலருக்கும் பிரிண்ட் போவதால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். முந்தைய ஆளின் அப்பா பெயர், ஊர் பெயர் மாறாமல் அப்படியே நிற்பதும் உண்டு. வேலைவாய்ப்பு முகாமில் கத்தை கத்தையாக பேப்பரை புரட்டும் கம்பெனிக்காரருக்கு இதை கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது. வீட்டில் முதல் ஆளாக டிகிரி முடித்த பிள்ளையின் பேப்பர் இப்படி குப்பைக்கு போவது எவ்வளவு பெரிய கொடுமை?

புதிதாக படித்து முடித்தவருக்கு ஒரு பக்கம் போதும். மேலே பெயர், செல்போன் நம்பர், இ-மெயில், ஊர். அதன் கீழே என்ன வேலைக்கு மனு போடுகிறார் என்று ஒரு வரி. "சவாலான வேலையில் சேர்ந்து கம்பெனி வளர்ச்சிக்கு பாடுபடுவேன்" என்ற இங்கிலீஷ் பாராவை எல்லாரும் காப்பி அடித்துத்தான் எழுதுகிறார்கள். இப்போது ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதுபவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் கொண்டு வருகிறார்கள். அதற்கு பதில், "பி.காம். முடித்துள்ளேன், டேலி தெரியும், அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை தேடுகிறேன்" என்று இருந்தால் படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வேலையும் அனுபவம்தான்

முன் அனுபவம் என்ற இடத்தில் பலரும் "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் படிக்கும்போதே ஜவுளிக்கடையில் பில் போட்டவர்கள், கேட்டரிங் வேலைக்கு போனவர்கள், பனியன் கம்பெனியில் லீவு நாளில் செக்கிங், பேக்கிங் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். வீட்டு கஷ்டத்துக்கு போன வேலை என்பதால் வெளியே சொல்ல கூச்சம். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. மாதச் சம்பளத்தில் வேலை பார்த்தால்தான் அனுபவம் என்று யார் சொன்னது?

எப்படி எழுதுவது என்பதுதான் முக்கியம். "கடையில் வேலை பார்த்தேன்" என்றால் ஒன்றும் தெரியாது. "2 வருடம் சனி, ஞாயிறுகளில் ஜவுளிக்கடை கவுண்டரில் ஜி.எஸ்.டி. பில் போட்டேன், ராத்திரி கல்லா கணக்கு சரிபார்த்தேன்" என்று எழுதினால், பணத்தை நம்பி ஒப்படைக்கலாம் என்ற எண்ணம் வரும். எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், இ-வே பில் என்று தினமும் பேப்பர் வேலை இருக்கிறது. பேக்கிங் செக்ஷனில் கைவேலை பார்த்த பையனுக்கு அட்டைப்பெட்டியில் என்ன எழுதுவார்கள், எத்தனை பீஸ் போகும் என்பது ஏற்கனவே தெரியும். அதை சொன்னால்தானே கம்பெனிக்கு தெரியும்?

கல்லூரி பிராஜக்ட்டும் இப்படித்தான். தலைப்பை மட்டும் எழுதாமல், அதில் தான் செய்தது என்ன என்று 2 வரி சேர்க்க வேண்டும். நண்பன் செய்த பிராஜக்ட்டை தன்னுடையதாக போட்டால் இன்டர்வியூவில் 2-வது கேள்வியிலேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இனிஷியல் குழப்பம்

நம்ம ஊர் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள தனி தலைவலி இது. சிலருக்கு 10-ம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் ஒரு இடத்தில் இருக்கும், ஆதாரில் வேறு இடத்தில் இருக்கும். பான் கார்டில் இனிஷியலுக்கு பதில் அப்பா பெயர் முழுசாக சேர்ந்திருப்பதும் உண்டு. வேலை கிடைத்து பி.எப். கணக்கு தொடங்கும்போது பெயர் ஒத்துப்போகாமல் அலைய வேண்டி வரும். அதனால் பயோடேட்டாவில் 10-ம் வகுப்பு சான்றிதழில் உள்ளபடியே பெயர் எழுதுவது நல்லது. ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் வேலை தேடும் நாட்களிலேயே திருத்தி வைத்துக்கொள்ளலாம்.

அதற்காக ஆதார் நம்பரை பயோடேட்டாவில் எழுதக்கூடாது. சாதி, மதம், அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் தனியார் கம்பெனி பயோடேட்டாவுக்கு தேவையில்லை. அரசு வேலை விண்ணப்பத்தில் கேட்பதை பார்த்து பழகிய பழக்கம் இது. போட்டோவும் கேட்டால் மட்டும் போதும். கல்யாணத்தில் எடுத்த செல்பியை வெட்டி ஒட்டுவது வேண்டவே வேண்டாம்.

அரியர் இருந்தால் மறைக்கக்கூடாது. சான்றிதழ் சரிபார்ப்பில் எப்படியும் தெரிந்துவிடும், சேர்ந்த பிறகு வேலை போனால் இன்னும் அசிங்கம். "ஒரு பேப்பர் பாக்கி, அடுத்த தேர்வில் எழுதுகிறேன்" என்று ஒரு வரி போதும். இங்கிலீஷும் அதே கதைதான். தமிழ் மீடியத்தில் படித்தவர் "சரளமாக பேசுவேன்" என்று எழுதிவிட்டு எதிரில் உட்கார்ந்து முழிப்பதைவிட, "படிக்க, எழுத தெரியும், பேச பழகி வருகிறேன்" என்று எழுதலாம்.

நடிகர் பெயர் வைத்த இ-மெயில் முகவரிக்கு பதில் சொந்த பெயரில் புதிதாக ஒன்று தொடங்க காசு செலவில்லை. பைலை பி.டி.எப்.பாக மாற்றி, பெயரும் படிப்பும் தெரியும்படி சேவ் செய்ய வேண்டும். பிரிண்ட் எடுத்த பேப்பரை செல்போனில் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்து மங்கிவிடும். சில பெரிய கம்பெனிகளில் பயோடேட்டாவை முதலில் கம்ப்யூட்டரே படித்து பிரிக்கிறது. போட்டோவாக போனால் அது சரியாக படிக்காமல் போகலாம்.

பிரிண்ட் எடுக்கும் முன் செல்போன் நம்பரை விரல் வைத்து ஒருமுறை படிக்க வேண்டும். ஒரு நம்பர் மாறினால் வேலை வந்தாலும் தகவல் வராது. ரீசார்ஜ் முடிந்து இன்கமிங் நின்றுபோகும் வீடுகளில் அம்மா நம்பரையும் சேர்த்து எழுதி, "கம்பெனியில இருந்து கூப்பிட்டா பேர் கேட்டு எழுதி வைம்மா" என்று சொல்லி வைக்கலாம்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாமில் கலந்துகொள்ள கட்டணம் கிடையாது. தமிழக அரசின் தனியார் வேலை இணையதளத்திலும் இலவசமாக பதிவு செய்யலாம். பயோடேட்டாவை பார்த்ததாக சொல்லி "ரிஜிஸ்ட்ரேஷன் பீஸ், யூனிபார்ம் டெபாசிட்" என்று யாராவது முன்பணம் கேட்டால் உஷார்! ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு போன் செய்ய வேண்டும். முகாமுக்கு போகும்போது பயோடேட்டா 5 காப்பியாவது கையில் இருக்கட்டும். ஒரிஜினல் சான்றிதழை காட்டலாம், எந்த கம்பெனியிடமும் கொடுத்துவிட்டு வரக்கூடாது.