தோட்டத்து வீடும் துப்பாக்கி உரிமமும்

சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் உள்ள புதுச்சத்திரம் வட்டாரத்திலும், கொங்குச் சமவெளியின் மற்ற பகுதிகளிலும், பல குடும்பங்கள் ஊருக்குள் குடியிருப்பதில்லை. கிணற்றையும் மாட்டையும் கோழிப்பண்ணையையும் விட்டு நகர முடியாமல் காட்டுக்குள்ளேயே வீடு கட்டி வாழ்கின்றன. பிள்ளைகள் வெளியூருக்குப் போய்விட, பெரியவர்கள் மட்டும் தனித்திருக்கும் வீடுகள் பெருகிவிட்டன. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரே தோட்டத்து வீட்டில் மூவர் கொல்லப்பட்டார்கள். 2025இல் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதி கொல்லப்பட்டார்கள். தனித்த வீடுகளுக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும் என்ற குரல் அந்த அச்சத்திலிருந்து எழுவது. அச்சம் நியாயமானது, ஆனால் கேட்கும் தீர்வு சரியானதல்ல. இந்த மண்ணில் வீட்டைக் காக்கும் பொறுப்பு யார் யார் கைக்கு மாறி வந்தது என்று பார்த்தால் அது விளங்கும்.

முதலில் சட்டம். 1837இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வரைவை எழுதிய மெக்காலே, இந்நாட்டு மக்கள் அநீதிக்கு மிக எளிதாகப் பணிந்துபோகிறார்கள் என்று கருதினார். அதனால் தற்காப்பு உரிமையைத் தாராளமாகவே வகுத்தார். 1860இல் சட்டமான அந்த விதிகள் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் ஒருவன் பூட்டை உடைத்தோ கன்னம் வைத்தோ கூரையைப் பிரித்தோ வீட்டுக்குள் புகுந்தால், அவன் உயிர் போகும் அளவுக்குக்கூட எதிர்க்கலாம் என்கிறது 41ஆம் பிரிவு. கொள்ளைக்கும், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பதற்கும் இதே விதிதான். ஆனால் எல்லைகளும் உண்டு. திறந்திருந்த கதவு வழியே வந்தவன் வெறும் அத்துமீறல்காரன். உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயமான காரணம் இருந்தால்தான் அவன்மேல் உயிர்போகும் அளவுக்குக் கை வைக்கலாம். தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. போலீஸின் உதவியை நாட அவகாசம் இருந்தால் உரிமையே இல்லை.

உரிமையைக் கொடுத்த அதே அரசு, கருவியைப் பறித்துக்கொண்டது. பாளையக்காரர் போரை ஒடுக்கியபின் 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் தென்பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்கப் பிரகடனம் வெளியிட்டார். 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் நாடு முழுவதும் உரிமமின்றித் துப்பாக்கி வைப்பதைத் தடுத்து, ஐரோப்பியர்களுக்கு விலக்கும் அளித்தது. அந்த இழிவு காந்தியைக்கூட உறுத்தியது. 1930 ஜனவரியில் அவர் வைத்த பதினோரு கோரிக்கைகளில் தற்காப்புத் துப்பாக்கிக்கான உரிமமும் ஒன்று. ஆனால் விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டமும் உரிம முறையை விடவில்லை. அடிமைக் காலத்தில் பறிபோனதைத் திரும்பப் பெறுவதுதானே நீதி என்று கேட்கலாம். இனப்பாகுபாடு நீதியல்ல, அது ஒழிந்ததும் சரி. ஆனால் பறிபோனது துப்பாக்கி மட்டும்தானா?

ஆங்கிலேயருக்கு முன் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் காவல் முறை இருந்தது. குடிகள் காவல் கூலி கொடுத்தார்கள். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். கூலி தராதவர் வீட்டில் காவல்காரரே கன்னம் வைத்த கொடுமையும் நடந்தது. அந்த முறைக்குத் திரும்பச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இழப்புக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார் என்பது மெய். 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்க்காவல் பொறுப்பைக் கிராம முன்சீப்பிடமும் தலையாரியிடமும் வைத்தது. 1859இல் மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தது. காவல் மெல்ல நிலையத்துக்கு நகர்ந்தது. 1980இல் முன்சீப் உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டன. சாதியாதிக்கம் தளர அது தேவையான சீர்திருத்தம். ஆயினும் ஊர்க்காவலுக்கு ஊருக்குள்ளேயே பொறுப்பான ஓர் ஆள் என்ற நிலை தேய்ந்துவிட்டது.

அந்த வெற்றிடத்தில் ஒரு முதியவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் என்ன ஆகும்? சுட்டவர்மேல் வழக்கு பதிவாகும். தற்காப்பு என்று காட்டும் சுமை அவருடையது. தரிசன் சிங் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், ஆபத்தில் சிக்கியவன் தன் எதிர்ப்பைத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்று ஏற்று, துப்பாக்கியால் சுட்டவரை விடுவித்தது. ஆனால் அந்தச் சம்பவம் நடந்தது 1991இல். பத்தொன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. வெறும் நிலத்தில் அத்துமீறியவனைக் கொல்ல உரிமை இல்லை என்று ஜஸ்ஸா சிங் வழக்கில் 2002இல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆக, வீட்டுச் சுவரைத் தாண்டித் தோட்டத்தில் ஓடுகிறவன் முதுகில் சுட்டு அவன் இறந்தால், மிகச் சாதகமாகப் பார்த்தாலும் அது கொலையாகாத மரணக் குற்றம். தண்டனை ஆயுள் வரை போகலாம். நள்ளிரவு இருட்டில், தூக்கக் கலக்கத்தில், எழுபது வயதில் இந்த எல்லையை யார் அளக்க முடியும்?

போலீஸ் வரும்வரை சாகச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. உயிர் ஆபத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்து எதிர்க்கச் சட்டம் ஏற்கெனவே அனுமதிக்கிறது. அதற்கு உரிமம் வேண்டியதில்லை. ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவரையும் திட்டமிட்டு வருகிறவன் உறக்கத்திலேயே தாக்குவான். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனத்தை வீடு புகுந்து கொன்ற பவாரியா கொள்ளைக் கும்பல், துப்பாக்கியோடுதான் வந்தது. அந்தக் கும்பலை ஒடுக்கியது எந்த வீட்டுத் துப்பாக்கியும் அல்ல; மாநிலம் கடந்து தடயங்களைத் தொடர்ந்த தனிப்படை. எனவே ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய மனு வேறு: எந்தெந்தக் காட்டு வீடுகளில் முதியவர்கள் தனித்திருக்கிறார்கள் என்ற பட்டியல் காவல் நிலையத்தில் இருக்க வேண்டும், அந்தப் பாதையில் இரவு ரோந்து வருகிறவர் யார் என்று பெயரோடு தெரிய வேண்டும், வராவிட்டால் அவர் பதில் சொல்ல வேண்டும். துப்பாக்கி உரிமம் தருவதன் மூலம் அரசு தன் கடமையை முதியவர் தோளில் இறக்கிவைக்க நாம் இடம் கொடுக்கக் கூடாது.