சித்திரத்தின் சாட்சியம்

இலண்டன் மாநகரின் வாக்ஸ்ஹால் பூங்காவில் மேன்மக்கள் கூடிக்களித்த காட்சியை, ஓவியர் தாமஸ் ரோலண்ட்சன் 1784-ஆம் ஆண்டளவில் மையாலும் நீர்வண்ணத்தாலும் தீட்டினார். மேல்மாடத்தில் பாடகி; நடுவே பிரபுகுலப் பெண்டிர்; ஒருபுறம் பட்டத்து இளவரசர் நடிகை மேரி ராபின்சனின் செவியில் ஏதோ ஓதுகிறார். மாடத்தின் கீழே விருந்துண்போருள் ஒருவர் எழுத்தாளர் ஆலிவர் கோல்ட்ஸ்மித் என்பது நெடுநாள் வழக்கு.

அவரோ 1774-இலேயே மறைந்தவர்! பத்தாண்டுக்கு முன் மாண்டவர் விருந்துண்பது எங்ஙனம்? ஒன்று, ஓவியர் தம் கற்பனையைக் கலந்தார்; அன்றேல், அடையாளங் கூறியோர் பிழைத்தனர்.

இதனால் சித்திரம் முழுவதும் பொய்யென்று தள்ளற்பாலதன்று. இன்னார் அங்கிருந்தார் என்பதை ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். ஆனால், ஒரு ஷில்லிங் கட்டணம் செலுத்தியவர் இளவரசர் உலவிய பூங்காவிலேயே தாமும் உலவலாம் என்னும் புதுக்காலம் பிறந்ததற்கு அது நல்ல சாட்சியேயாம்.