பல் ஊசிக்குள்ள ஒரு வரலாறு

நம்ம ராயபுரம் ஸ்டான்லி, 1938-ல மருத்துவக் கல்லூரி ஆச்சு. அந்தக் காலத்துல பல் பிடுங்க மரத்துப்போற ஊசின்னா உலகம் முழுக்கப் பெரும்பாலும் ப்ரோகெய்ன்தான். அதே வருஷங்கள்ல கிருமித் தொற்றுக்குப் புதுசா வந்தது சல்ஃபா மாத்திரை. ரெண்டும் ஒரே உடம்புக்குள்ள போனா?

ப்ரோகெய்ன் உடைஞ்சு 'பாபா'ங்கற பொருளா மாறும். ரஜினி படம் இல்லைங்க, கிருமி வளரத் தேவையான சத்து! பாபா இருந்தா சல்ஃபா தோத்துடும்னு 1940-ல டொனால்ட் வுட்ஸ் காட்டினார்.

1943-ல ஸ்வீடன்ல லோஃப்கிரென் உருவாக்கின லிக்னோகெய்ன் பாபாவா உடையாது. அந்தச் சிக்கல் தீர்ந்துச்சு. ஆனா ஊசி மருந்தோட அட்ரினலினும் கலக்கறாங்க. அது ரத்தக்குழாயைச் சுருக்கி, மருந்தை அங்கேயே பிடிச்சு வைக்கும். 1960-கள்ல ப்ரொப்ரனலால் வந்ததும் அடுத்த மோதல். குழாய் விரியற வழியை மாத்திரை அடைச்சிடும், அட்ரினலின் சுருக்கிட்டே இருக்கும். பிபி எகிறலாம், நாடித்துடிப்பு குறையலாம்.

நான் இதை ஏன் சொல்றேன்? திருவொற்றியூரோ எண்ணூரோ, பல் டாக்டர் "பிபி இருக்கா?"ன்னு கேட்டா, நம்ம வயசுக்காரங்க "இல்ல"ன்னு சொல்லிடுவோம். ஒற்றைத் தலைவலிக்கும் படபடப்புக்கும் அதே ப்ரொப்ரனலாலைத் தர்றாங்களே! அதனால நோயை மட்டும் இல்ல, மாத்திரை பேரையும் சொல்லுங்க. தெரிஞ்சா டாக்டர் அளவைக் குறைப்பார், மெதுவா போடுவார். நீங்களா மாத்திரையை நிறுத்திட்டுப் போயிடாதீங்க, அது இன்னும் ஆபத்து.